நாலு புள்ளி இரண்டு

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பாப்பாவும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயம்தான். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் வீட்டில் போனை எடுத்ததுமே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். நான் அழுவது மாப்பிள்ளை வரைக்கும் கேட்கும். அதனால் பழையபடி காகிதமும் பேனாவும்.

கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். வாரத்தில் மூன்று சாயங்காலம், புள்ளியியல் முதல் பாடம். கிளினிக்கில் புது உத்தரவு வந்திருக்கிறது. மருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் இந்த ஒரு பாடத்திலாவது தேறியிருக்க வேண்டுமாம். ஆகஸ்டுக்குள் தேறாவிட்டால் ஸ்டோர் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நான் மறுபடி சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் போக வேண்டியதுதான். நீ பன்னிரண்டு வருடம் இடுப்பில் செருகியிருந்த சாவி. மூன்று வருடத்துக்கு முன் பாப்பாவுடன் கிளம்பும்போது என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை நீயே மடக்கிவிட்டுப் போன சாவி. அதைத் தொலைத்துவிட்டு உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வகுப்பில் நாற்பத்து நான்கு வயதில் நான் ஒருத்திதான். டீச்சர் நம் பாப்பாவைவிட இரண்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். நல்ல பெண்தான், ஆனால் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. முதல் பரீட்சையில் நூற்றுக்கு முப்பத்தொன்று. விடை தெரியாமல் இல்லை அக்கா, கை நடுங்கி கால்குலேட்டரில் பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டேன். ஒரு குடும்பத்தின் சராசரி உயரம் பதினேழு அடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டீச்சர் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாள். வீட்டுக்காரர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இந்தக் குடும்பம் தன் பஸ்ஸில் ஏறினால் கூரையைக் கழற்ற வேண்டும் என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று மட்டும் புரிந்தது. டீச்சர் சொன்னாள்: "சராசரிங்கிறது வீடு மாதிரி. ஒவ்வொரு எண்ணும் வீட்டை விட்டு எவ்வளவு தூரம் சுத்துதுன்னு பார்க்கிறதுதான் மிச்சப் பாடம் முழுக்க." அன்று மட்டும் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது அடுத்த இடி. அவரவர் வேலை செய்யும் இடத்திலிருந்து இருநூறு எண்கள் கொண்டுவர வேண்டும், புத்தகத்து எண்கள் கூடாது. இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒப்பிட வேண்டும். அதற்குத்தான் பாதி மதிப்பெண். என்கூடப் படிக்கும் பேக்கரிக்காரர் ரொட்டியின் எடையை எடுக்கப் போகிறார். என்னிடம் இருப்பது ஊசி மருந்து ஃப்ரிட்ஜின் வெப்பநிலை நோட்டு ஒன்றுதான். உன் காலத்து நோட்டிலிருந்து நூறு, என் நோட்டிலிருந்து நூறு எடுக்கலாமா? உன்னைக் கேட்காமல் தொட மனசு வரவில்லை.

உடனே பதில் போடு.

உன் தங்கை,
தொடைநடுங்கி
(நீ வைத்த பெயர் இப்போதுதான் முழுதாகப் பொருந்துகிறது)


ஜூன் 12

என் அருமைத் தொடைநடுங்கிக்கு மேனேஜர் அக்கா எழுதுவது,

முப்பத்தொன்று வாங்கியதற்கு ஒப்பாரியா? ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று துணி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்குக் காதைப் பிடித்து இழுத்துப்போய்ப் பள்ளியில் விட்டது யார்? அந்த அக்கா இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். கடல் தாண்டியும் என் கை நீளும். ஒழுங்காகப் படி.

நோட்டை எடுக்க என்னைக் கேட்க வேண்டுமா? தாராளமாக எடு. என் நோட்டைப் பார்த்தால் உன் டீச்சர் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது, ஒரு காலிக் கட்டம் கிடையாது. ஸ்டோர் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சிறந்த ஊழியர் சான்றிதழ் சும்மா வந்ததல்ல.

இப்போது நல்ல செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. பாப்பா முழுகாமல் இருக்கிறாள். எட்டு வாரம். நீ சித்திப் பாட்டி ஆகப்போகிறாய், தலைமுடிக்குச் சாயம் போடுவதை நிறுத்திவிடு. காலையில் ஒரே வாந்தி. ஆனாலும் வேலைக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் வேலை செய்யும் மழலையர் பள்ளியில் இருபது வாண்டுகள். போன வாரம் அதில் இரண்டு பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்து, காய்ச்சல். ருபெல்லாவாம். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையைத் தாக்குமாமே, அதே அம்மைதான். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. நான்தான் தைரியம் சொன்னேன். இவளுக்கு என்ன பயம், பயணத்துக்கு முன்னால் நம் கிளினிக்கிலேயே ஊசி போட்டுச் சீட்டில் முத்திரை வாங்கியிருக்கிறோமே என்றேன். இங்கே டாக்டரும் அந்தச் சீட்டைப் பார்த்ததும் ரத்தப் பரிசோதனைகூட வேண்டியதில்லை என்றுவிட்டார். அன்றைக்கு வேறு இடத்தில் போடலாம் என்றவளை, நம்ம ஃப்ரிட்ஜ் இருக்கும்போது வெளியே எதற்கு என்று நான்தான் இழுத்துப்போனேன். பார்த்தாயா, மேனேஜர் கணக்கு என்றைக்கும் தப்பாது.

பயப்படாதே. பயப்பட்டாலும் வெளியே காட்டாதே. அது போதும்.

அன்புடன்,
உன் மேனேஜர்


ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். பாப்பாவை என் சார்பில் கட்டிக்கொள். முட்டிக்கொண்டு அழுகை வந்தது, சந்தோஷ அழுகைதான். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும் முதலில் இதைத்தான் சொன்னேன்.

நீ அனுமதி கொடுத்தபின் நோட்டை எடுத்தேன். இரண்டு கூட்டமும் ஒரே பருவத்தில் இருக்கட்டும் என்று டீச்சர் சொன்னதால், நீ கிளம்பிய வருடத்து ஏப்ரல், மே மாதத்திலிருந்து ஐம்பது நாள். காலை ஒன்று, மாலை ஒன்று, ஆக நூறு. இந்த வருடம் அதே நாட்களில் என்னுடையது நூறு. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வீட்டுக்காரர் வாசித்தார், நான் வைத்தேன்.

படம் முடிந்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது அக்கா. இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருந்தால் மருந்து பத்திரம் என்பது எனக்கும் தெரியும். உன் நூறு புள்ளிகளும் நாலேகாலுக்குப் பக்கத்தில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. என்னுடையவை கைதவறிக் கொட்டிய கடுகு மாதிரி தாள் பூராவும். ஒரு நாள் இரண்டு புள்ளி மூன்று, இன்னொரு நாள் ஏழு புள்ளி எட்டு. மே மாதம் மின்சாரம் போன அன்று ஒன்பது புள்ளி ஒன்று. அன்று மருந்துகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டுப் பெரிய டாக்டரிடம் போய் நடுங்கிக்கொண்டே சொன்னேன்.

வகுப்பில் இரண்டு படத்தையும் பலகையில் ஒட்டச் சொன்னாள். இது யாருடையது என்று கேட்டபோது, எங்க அக்காவோடது என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். பேக்கரிக்காரர், "உங்க அக்காகிட்ட எங்க அடுப்பையும் ஒரு மாசம் குடுத்துப் பார்க்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. நடுவில் ஃப்ரிட்ஜை மாற்றினீர்களா என்றாள். இல்லை என்றேன். தெர்மாமீட்டர்? அதுவும் அதேதான் என்றேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் என்னைக் கூப்பிட்டாள். "தன்னை யார் பார்க்கிறாங்கன்னு ஃப்ரிட்ஜுக்குத் தெரியாதுங்க. ஒருத்தருக்கு ஒழுங்காவும் இன்னொருத்தருக்குத் தாறுமாறாவும் அது நடந்துக்காது" என்றாள். அப்புறம் உன் எண்களைக் கூட்டமாகப் பிரித்துக் காட்டினாள். நூறில் நாற்பத்தொரு தடவை நாலு புள்ளி இரண்டு. மற்றதெல்லாம் நாலு, நாலு புள்ளி நாலு, நாலு புள்ளி ஆறு. நூறில் ஒரு தடவைகூடக் கடைசியில் ஒற்றைப்படை இலக்கம் வரவில்லை. நம் தெர்மாமீட்டர் எல்லா இலக்கமும் காட்டும். இன்று காலைகூட ஐந்து புள்ளி மூன்று.

அவள் உன்னைக் குற்றம் சொல்லவில்லை அக்கா. அந்த நாட்களில் பழுது ஏதாவது பார்த்திருக்கிறார்களா என்று ரிப்பேர் புத்தகத்தைப் பார்த்து எழுதி வரச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், நான்தான் கதவைச் சரியாக மூடுவதில்லையோ என்னவோ. நீ எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று ஒரு வரி எழுது. எழுதினால் கொஞ்சம் மூச்சு விடுவேன்.

உன் தங்கை,
தொடைநடுங்கி


ஜூலை 2

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நேற்றுப் பிறந்த பெண் ஒருத்தி பலகையில் புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு என் பன்னிரண்டு வருட வேலையைப் பேசுகிறாள், நீ வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாய். மருந்து இன்ஸ்பெக்டர் எத்தனை தடவை வந்தார் தெரியுமா? ஒரு தடவையாவது ஒரு கேள்வி கேட்டிருப்பாரா?

சாவி கொடுத்த அன்றே படித்துப் படித்துச் சொன்னேன். காலிக் கட்டம் விடாதே, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் எழுதிவிடு என்று. ஒரு ஆள் பார்க்கிற ஸ்டோரில் ஊசிக்கு வரிசை நிற்கும்போது எவள் குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? ஃப்ரிட்ஜ் ஜில்லென்று இருந்தது, கை வைத்தால் தெரியும். நான் சொன்னபடி செய்திருந்தால் உனக்கும் இந்தத் தலைவலி இல்லை.

என் நோட்டை எடுத்த இடத்தில் வை. மாத்திரை டப்பாவின் எடையோ வேறு எதுவோ இருநூறு எடுத்துக்கொள். ரிப்பேர் புத்தகத்தை நோண்டாதே.

பாப்பா பரவாயில்லை. பள்ளியில் இப்போது ஐந்து பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. இவள் தினமும் போகிறாள்.

அக்கா


ஜூலை 9
விரைவுத் தபால்

அக்கா,

இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி.

உன் கடிதம் வருவதற்கு முன்பே ரிப்பேர் புத்தகத்தைப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். இப்போது பார்த்தது நல்லது என்று நினைக்கிறேன். எது சரி என்று தெரியவில்லை.

உன் கையெழுத்துதான். "ஊசி மருந்து ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர், பழுதுக்குக் கொடுத்தது மே 6. திரும்பி வந்தது மே 17. அன்றே கதவு ரப்பரும் மாற்றப்பட்டது." ரப்பர் தளர்ந்து கதவு சரியாக மூடாமல் இருந்திருக்கிறது. பதினோரு நாள் அந்த ஃப்ரிட்ஜுக்குள் தெர்மாமீட்டரே இல்லை. நோட்டைத் திருப்பினேன். மே 6 காலை நாலு புள்ளி இரண்டு. மாலை நாலு புள்ளி நாலு. 7, 8, 9, ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருக்கிறாய். நாலு புள்ளி இரண்டு, நாலு புள்ளி இரண்டு, நாலு புள்ளி ஆறு. இல்லாத தெர்மாமீட்டரில் என்ன பார்த்தாய் அக்கா?

அதோடு மூடி வைத்திருப்பேன். சத்தியமாக வைத்திருப்பேன், நான் யார் என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ ஜூன் மாதம் எழுதியது தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊசி போட்டவர்கள் ரிஜிஸ்டரை எடுத்தேன். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினேன். அந்தப் பதினோரு நாளில் முப்பத்தெட்டுப் பேர். இருபத்தாறாவது பெயர் நம் பாப்பா. மே 14, ருபெல்லா, பக்கத்தில் உன் கையெழுத்து.

சூடு பட்ட மருந்து வெறும் தண்ணீர் மாதிரி என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

பட்டிருக்கும் என்று நான் சொல்லவில்லை. படாமலும் இருந்திருக்கலாம். தெரியாது என்பதுதான் என்னைக் கொல்கிறது. தெரிந்துகொள்ள வழி இருந்த ஒரே இடம் அந்த நோட்டு. அந்த இருபத்திரண்டு கட்டத்தில் நீ ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால்கூட அன்றைக்கே யாராவது கேட்டிருப்பார்கள்.

வியாழக்கிழமை போன் செய்தேன். பாப்பாதான் எடுத்தாள். வழக்கம்போல ஸ்பீக்கர். பின்னால் மாப்பிள்ளை சிரிக்கும் சத்தம். "சித்தி, ஸ்கூல்ல ஒரு வாண்டு என் மடியை விட்டு இறங்கவே மாட்டேங்குது, உடம்பெல்லாம் தடிப்பு, பாவம்" என்றாள். வாந்தி நின்றதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அவளை அந்தப் பள்ளிக்கு நாளையிலிருந்து அனுப்பாதே. ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல். எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று இரண்டு நாளில் சொல்லிவிடுவார்களாம். காரணம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, இனிமேல் பேசாமல்கூட இரு. பரிசோதனை மட்டும் எடு. இருபதாம் தேதி வரை உன் பதிலுக்குப் பார்ப்பேன். அதற்குள் வராவிட்டால் நானே பாப்பாவிடம் சொல்லிவிடுவேன். ஸ்பீக்கரில் இருந்தாலும் சொல்லிவிடுவேன்.

உன் தங்கை


ஜூலை 15
விரைவுத் தபால்

அன்புத் தங்கச்சிக்கு,

உயிர் போய் உயிர் வந்தது.

உன் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே வந்து பாப்பாவிடம், ஊர் டாக்டர் புது விதி ஒன்று சொன்னாராம், எதற்கும் ஒரு பரிசோதனை எடுத்துவிடலாம் என்றேன். எதுவும் கேட்கவில்லை, அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று கையை நீட்டினாள். ஊசி இறங்கும்போது என்னால் பார்க்க முடியவில்லை. பாப்பா தூங்கும்போது அவள் கைகளில் எங்காவது சிவப்புத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று முடிவு வந்தது. எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கிறதாம். ஒரு பயமும் இல்லையாம்.

ஆக மருந்து நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நான் சொன்னேன் அல்லவா, கை வைத்தால் தெரியும் என்று. இத்தோடு இதை விட்டுவிடு. ரிப்பேர் புத்தகத்தில் அந்த ஒரு பக்கம்தான், கிழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இல்லை, கிழிக்க வேண்டாம், அப்படியே மூடி வை. உன் டீச்சரிடம் வேறு எண்களைக் கொடு. நீ தேற வேண்டும், சாவி உன்னிடமே இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
உன் மேனேஜர் அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவின் செய்தியைப் படித்துவிட்டு வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு அழுதேன். நடுத்தெருவில், பஸ் வாசலில், எல்லோரும் பார்க்க. அவர் கண்டக்டரிடம் ஐந்து நிமிடம் என்று விரலைக் காட்டினார்.

அன்றைக்கே டீச்சரிடம் போய்ப் பெயர்களைச் சொல்லாமல் கேட்டேன். முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்திக்குச் சரியாக இருக்கிறது, அப்படியென்றால் மற்றவர்களுக்கும் சரியாகத்தானே இருக்கும் என்று. ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று எனக்கு அவ்வளவு ஆசை. "ஒண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றாள். பாப்பாவுக்குச் சின்ன வயதில் நமக்குத் தெரியாமலே அந்த அம்மை வந்து போயிருக்கலாம். முதல் நாள் மேல் தட்டில் இருந்த குப்பி தப்பியிருக்கலாம், எட்டாம் நாள் கதவோரம் இருந்தது தப்பாமல் போயிருக்கலாம். தெரியாது.

மிச்சம் முப்பத்தேழு பேர் அக்கா. அதில் பதினான்கு பேர் பாப்பா வயதுப் பெண்கள். மூன்று பேரை எனக்கு நேரிலேயே தெரியும். நம் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாளே, அவளும் ஒருத்தி. போன மாதம்தான் கல்யாணம் ஆயிற்று. நேற்று என் ரவிக்கையை அளவெடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு அம்மா ஒரு நாள் சொன்னால் போதும், அவளும் கையை நீட்டிவிடுவாள். சொல்ல அவளுக்கு யாரும் இல்லை, நம் இரண்டு பேரைத் தவிர.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாவி கொடுத்த அன்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஏதாவது எழுதிவிடு என்றாய். நான் நல்லவள் என்பதால் அப்படிச் செய்யாமல் இருக்கவில்லை. எனக்கு அந்த 'ஏதாவது' வரவே இல்லை. எண் என்றாலே பயம், சொந்தமாக ஒன்றை யோசித்து எழுத எனக்கு எங்கே துணிச்சல்? தப்பாகிவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் முட்டி போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதில் இருப்பதைப் பார்த்து எழுதினேன். உன் மாதிரி தைரியம் எனக்கும் இருந்திருந்தால் நானும் நாலு புள்ளி இரண்டு என்றுதான் எழுதியிருப்பேன். அதனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். மூன்று புத்தகத்தையும் கொண்டுபோய் வைக்கப் போகிறேன். உன் சம்மதம் வரட்டும் என்று காத்திருந்தால் நான் அலமாரிக்குள் புகுந்துவிடுவேன், வெளியே வரவே மாட்டேன். உன் பெயரை நான் சொல்ல வேண்டியதே இல்லை, ஒவ்வொரு பக்கத்திலும் அதுதான் இருக்கிறது. சுவரில் உன் சான்றிதழுக்குக் கீழேதான் என் மேஜை. இந்த ஒரு வாரமாக நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாம் பரீட்சையில் அறுபத்திரண்டு. தேறிவிடுவேன் போலிருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன், இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. டாக்டரைக் கண்டு இல்லை. இந்தக் கடிதத்துக்குப் பதில் வராமல் போய்விடுமோ என்றுதான்.

உன் தங்கை


ஆகஸ்ட் 6

தங்கச்சி,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. இதற்குள் நீ டாக்டரைப் பார்த்து முடித்திருப்பாய். இதில் நிறைய அடித்து எழுதியிருக்கிறேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இதற்குமேல் முடியாது, அப்படியே அனுப்புகிறேன்.

முதல் இரண்டு நாள் உன் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தை எழுதினால் நீ தாங்க மாட்டாய். மூன்றாம் நாள் பாப்பா அந்த ரத்தப் பரிசோதனைத் தாளை அலமாரியில் எடுத்து வைத்துக்கொண்டே, எங்கம்மா ஒருத்திக்குத்தான் இதெல்லாம் தோணும் என்று மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னாள். அதைக் கேட்டபின் என்னால் முடியவில்லை. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் பழைய வருடக் காலண்டரைக் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எந்தெந்த நாள்னு சொல்லும்மா, நான் எழுதறேன்" என்றாள். வேண்டாம், என் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றேன்.

உன்னிடம் இருப்பது பதினோரு நாள்தான். அது ரிப்பேர் புத்தகத்தில் இருந்ததால் தெரிந்தது. புத்தகத்தில் இல்லாததும் உண்டு. நான் சொல்லாவிட்டால் எந்தப் புள்ளி வைத்தும் நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. பெரிய டாக்டரிடம் இதைக் கொடு.

நான் கிளம்பியதற்கு முந்தைய வருடம், செப்டம்பர் 3 முதல் 9 வரை. தெர்மாமீட்டர் கீழே விழுந்து உடைந்தது. என் கவனக்குறைவு என்று தெரிந்துவிடக் கூடாது என்று நானே கடையில் வாங்கி மாட்டினேன். நடுவில் ஏழு நாள் எதுவும் இல்லை.

அதே வருடம் டிசம்பர் 20, 21. இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஐஸ் பெட்டிக்கு மாற்றினேன், ஆனால் முதல் நாள் சாயங்காலம்தான் மாற்றினேன். காலையிலேயே மாற்றியதாக எழுதினேன்.

கடைசி நாலு வருடமும் சனி, ஞாயிறுக்கு உரியதை வெள்ளிக்கிழமையே எழுதிவிடுவேன்.

தெர்மாமீட்டர் உடைந்ததற்கும் முந்தைய வருடம் ஒரு கோடையில், கதவு ராத்திரி முழுக்கத் திறந்திருந்தது. காலையில் வந்து பார்த்தபோது தரையெல்லாம் தண்ணீர். துடைத்துவிட்டு நாலு புள்ளி இரண்டு என்று எழுதினேன். ஏப்ரல் என்று நினைக்கிறேன். தேதி:

எவ்வளவு யோசித்தும் அந்தத் தேதி வரவில்லை. பழைய நானாக இருந்தால் ஏதாவது ஒன்றைப் போட்டிருப்பேன். தெரியவில்லை, அதனால் காலியாக விட்டிருக்கிறேன். அந்த மாதம் முழுவதும் வந்தவர்களைக் கூப்பிட்டுவிடு.

சுவரில் இருக்கும் சட்டத்தைக் கழற்றிவிடு. அந்த ஆணியில் வெப்பநிலை நோட்டை மாட்டு. ஃப்ரிட்ஜுக்கு நேர் எதிரே இருக்கிறது, பார்க்கும்போதே எழுத வசதி.

தையல் கடைப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எழுது. எதுவாக இருந்தாலும் எழுது. அறுபத்திரண்டு வாங்கினாய் என்று பாப்பாவிடம் சொன்னேன்.

எனக்கும் பயமாக இருக்கிறது.

அக்கா